சிட்னிக்கும் வான்கூவருக்கும் நடுவில் ஒரு வீடு

கீழக்கரையில் குடியிருந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, சிட்னி விமான நிலையத்திலிருந்து வான்கூவர் விமான நிலையம் எவ்வளவு தூரம் என்பதுதான். கேட்டவர் ஒரே ஆள். அவர் அந்த இரண்டு ஊர்களுக்கும் போனதில்லை. விமானத்தில் ஏறியது வாழ்க்கையில் ஒரே முறை, ஹஜ்ஜுக்காக. அதிலும் ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை என்ற குறை அவருக்குத் தீரவேயில்லை.

தெருவில் அவரை நடுவீட்டு மாமி என்பார்கள். பெயருக்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மாமிக்கு இரண்டு பெண்கள். தன் வீட்டுக்குக் கிழக்கே பெரியவளுக்கு ஒரு வீடு, மேற்கே சின்னவளுக்கு ஒரு வீடு. மூன்று வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டியவை. பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர இரண்டு சுவர்களிலும் ஆளுக்கொரு கதவு. ஆக, பெரியவள் சின்னவள் வீட்டுக்குப் போவதென்றால் மாமியின் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படி வாசலைக் கடந்துதான் போக வேண்டும். அந்த வாசலில் மாமி நிற்பார். கடந்து போகிறவர் கையில் எதையாவது வைக்காமல் விடமாட்டார்.

நான் கீழக்கரைக்குப் போனபோது இரண்டு பெண்களும் அங்கே இல்லை. பெரியவள் கணவனோடு சிட்னியில். சின்னவள் கணவனோடு வான்கூவரில். ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்த நான், பெரியவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். மாடிக்குத் தெருவிலிருந்தே படி உண்டு. ஆனாலும் வேலைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டுக்குள் இறங்கி, சுவர்க் கதவு வழியாக மாமி வீட்டுக்குள் வந்து, டீ குடித்துவிட்டு, அவருடைய வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நேரே படியிறங்கிப் போய்விட்டேன். சாயந்திரம் மாமி கேட்டார்: "என்னா புள்ள, என் வீடு ஒனக்கு வழியில இல்லையா?"

உண்மையில் அது வழியில் இல்லை.

காலியாகக் கிடந்த இரண்டு வீடுகளையும் தினமும் கூட்டுவார். சுவர்க் கதவுகள் இரண்டையும் விடிந்ததும் திறந்து, பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லும்போது சாத்துவார். நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுப்பார். பேசும்போது எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் என்பதால் என் சமையலைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. "ஒங்க ஊர்ல மிளகா மட்டுந்தான் விளையுது. நீங்க என்னா செய்வீக, பாவம்" என்பார்.

முதல்முறை தூரத்தைக் கேட்டபோது, செய்திக்காரியின் வழக்கப்படி இரண்டு இடங்களில் பார்த்தேன். ஒன்று கிலோமீட்டரில் இருந்தது. மற்றது கடல் மைலில் இருந்தது. மாற்றிக் கணக்குப் போட்டு, சுமார் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்றேன்.

"டிக்கெட் போடுற பையன் முப்பது மணி நேரம்னு சொல்றான்?"

"அது தோஹாவுல எறங்கி மாறிப் போறது மாமி. நேரம் வேற, தூரம் வேற."

"பெரிய மருமவன் பதினாலு மணி நேரம்னு சொன்னாரு."

"அது நேரா போற பிளேனா இருக்கும்."

"ரெண்டு ஏர்போட்டும் அங்கங்கனதான் இருக்கு. நகரவா செய்யுது? தூரம்னா ஒண்ணுதான இருக்கணும்?"

மூன்று நாள் கழித்து மறுபடி கேட்டார். அதே எண்ணைச் சொன்னேன். இந்த முறை ஒரு துணைக் கேள்வி வந்தது. "அது நம்ம வழியா வந்து போறதுக்கா?" இல்லை, நேராகப் போவதற்கு என்றேன். "நேரான்னாலும் நம்ம வழியாத்தான புள்ள வரணும்" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டார். அவர் சொன்னது விளங்கவில்லை. முதுகுளத்தூர்க்காரிக்கு இது விளங்காது என்று அவரும் விட்டுவிட்டார்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் தினமும் பேசிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மாமி முதலில் சிட்னிக்குப் போன் போடுவார். அங்கே உச்சிப்பொழுதை நெருங்கிக்கொண்டிருக்கும். அடுத்து வான்கூவருக்கு. அங்கே முந்தின நாள் சாயந்திரம். ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் சேர்ப்பார். சேர்க்கும்போது செய்தி மாறிவிடும்.

ஒருநாள் காலை பெரியவளின் குரல் போனில் தெளிவாகக் கேட்டது. "அவளுக்குத் தலைக்கனம் உம்மா. அவ பேச்ச எங்கிட்ட எடுக்காதீக."

மாமி போனை வைத்துவிட்டு வான்கூவரைப் பிடித்தார். "ராத்தா ஒன்னையப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தா" என்றார்.

பத்திரிகையில் இதைவிடக் கவனமாக ஒரு செய்தியைத் திருத்தி நான் பார்த்ததில்லை. பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது.

கிழமைதான் அவரைக் குழப்பியது. "பெரியவ வெள்ளிக்கிழமை சொன்னத, சின்னவ வியாழக்கிழமையே கேக்குறா. நாளைக்குச் சண்டை போட்டதுக்கு இவ இன்னைக்கே கோவிச்சுக்கிறா. நான் எந்தக் கிழமையில நின்னு சமாதானம் பண்றது?" இதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

சண்டைக்குக் காரணம் ஒரு மய்யித்து. சில ஆண்டுகளுக்கு முன், மாமியின் கணவர் சித்திரை மாதத்தில் ஓர் இரவு இறந்துபோனார். சின்னவள் அப்போது ஊரில்தான் இருந்தாள். பெரியவள் சிட்னியில் கிடைத்த முதல் விமானத்தில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, மதுரையில் இறங்கிக் காரில் வந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆண்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் பொறுத்து மய்யித்தை எடுத்திருந்தால் வாப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பாள். "யாரு எடுக்கச் சொன்னது?" என்று அவள் கேட்க, "நாந்தான் சொன்னேன்" என்றாள் சின்னவள். "மய்யித்தப் போட்டு வைக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" அன்றைக்குப் பெரியவள் மேற்குக் கதவைத் தன் கையால் சாத்தினாள். அதோடு சரி.

இந்தக் கதையை மாமி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இடம் வரும்போது மட்டும் "எடுத்துட்டாக" என்று சொல்லி, சட்டென்று அடுத்ததற்குப் போய்விடுவார். யார், எப்போது, எங்கே என்று கேட்டே பழகிய எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரிடம் பேட்டி எடுக்க முடியாது.

இரண்டாம் ஆண்டு, நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சின்னவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று செய்தி வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவனுக்கு நாலு நாளுக்குமேல் லீவு இல்லை. மாமியின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்து விசா வாங்குவதற்குள் ஆபரேஷன் முடிந்து தையலே ஆறிவிடும்.

மாமி இரண்டு போன் போட்டார். பெரியவளிடம், "சின்னவ ஒன்னையத்தான் தேடுறா" என்றார். சின்னவளிடம், "ராத்தா வரவான்னு கேக்குறா" என்றார். இரண்டையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஒருத்தியும் தேடவில்லை, ஒருத்தியும் கேட்கவில்லை. இரண்டு நாள் இரண்டு பக்கமும் சத்தமில்லை. மூன்றாம் நாள் சிட்னியிலிருந்து பெரியவள் சொன்னாள்: "டிக்கெட் எடுத்துட்டேன் உம்மா. வெள்ளிக்கிழமை கெளம்புறேன்."

மாமி தொதல் கிண்ட ஆரம்பித்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து நாள் முழுக்கக் கிண்டும் இனிப்பு அது. கெடாது, கடல் தாண்டும். வறுத்து இடித்த மாசிக் கருவாடு ஒரு டப்பா. பிள்ளை பெற்றவளுக்கும் வயிறு அறுத்தவளுக்கும் கொடுக்கிற மருந்துப்பொடி ஒரு டப்பா. பெரியவள் வீட்டுக் கட்டிலுக்குப் புது விரிப்பு. மதுரைக்குப் போகக் கார்க்காரரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது.

"இதெல்லாம் யாருக்கு மாமி?"

"யாருக்கா? பெரியவ வாரா. ரெண்டு நாள் இங்கன இருந்துட்டு, இதெல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத் தங்கச்சிகிட்ட போவா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கேட்டுக்கொண்டிருந்த தூரம் எது என்பதும் விளங்கியது.

"மாமி, அவங்க இங்க வந்து போகணும்னா இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஆகும். நேரா போனா பாதியைவிடக் கொஞ்சம் கூட, அம்புட்டுத்தான். நடுவுல இந்தியாவே வராது."

மாமி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்குள் போனார். பெண்கள் படித்த காலத்து உலகப் படம் ஒன்று அங்கே சுவரில் ஆணியில் தொங்கியது. சிட்னியைக் காட்டச் சொன்னார். வலது ஓரத்தில், கீழே. வான்கூவரைக் காட்டச் சொன்னார். இடது ஓரத்தில், மேலே. சிட்னியில் ஒரு விரல், வான்கூவரில் ஒரு விரல் வைத்து, முந்தானைத் தலைப்பை இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தார். துணி இந்தியப் பெருங்கடலை மூடிக்கொண்டு போனது.

"கெழக்க பெரியவ. மேக்க சின்னவ. நடுவுல யாரு இருக்கா, நீயே சொல்லு."

படத்தில் அப்படித்தான் இருந்தது. மூன்று வீடுகளும் அந்த வரிசையில்தான் இருந்தன. உலகம் உருண்டை, பின்பக்கமாகவும் போகலாம் என்றேன். "பின்பக்கமா யாரு போவா? பாதை இருக்கையில?" என்றார். கண்முன்னே ஆணியில் தொங்கிய படத்தை எதிர்த்து வாதாடுவது சுலபமில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பெரியவளின் போன் கிடைக்கவில்லை. "பிளேன்ல வாரா" என்றார் மாமி. கார்க்காரர் வந்து டீ குடித்துவிட்டு, எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று கேட்டார். தெரியவில்லை. மத்தியானம் வந்தார். சாயந்திரம் வந்தார்.

"மாமி, மதுரைக்கு எந்த பிளேன்னு சொன்னாகளா, இல்லையா?"

"வந்து எறங்குனதும் போன் பண்ணுவா. நீ வண்டியத் தெருமுனையிலயே நிப்பாட்டி வையி."

"இப்புடியே நிப்பாட்டிக்கிட்டு இருந்தா மதுரையே இங்க வந்துரும் மாமி" என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாமி சிரிக்கவில்லை. அன்று மக்ரிபு பாங்கு சொன்ன பிறகும் கிழக்குக் கதவைச் சாத்தவில்லை.

சனிக்கிழமை விடிந்து, நான் டீக்காக இறங்கி வந்தபோது போன் அடித்தது. வான்கூவர் எண். மாமி போனை நீட்டிப் பிடித்தார். திரையில் சின்னவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், அதே சட்டத்துக்குள், தலைமுடியை உலர்த்திக்கொண்டு பெரியவள்.

மாமி போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"நீ எங்கன இருக்கே?"

"இங்கதான் உம்மா. அவகிட்ட."

"எந்த வழியா போனே?"

"நேரா. பசிபிக் மேல. வெள்ளிக்கிழமை மத்தியானம் சிட்னியில ஏறினேன். வெள்ளிக்கிழமை காலையில இங்க எறங்கிட்டேன்."

"கெளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டியா?"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தார்கள். நடுவில் ஒரு தேதிக்கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் நாள் பின்னால் போகும் என்று பெரியவள் விளக்கினாள். நானும் இந்தப் பக்கத்திலிருந்து விளக்க முயன்றேன். மாமி யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் போனில் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் வந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் பெரியவள் சொன்னாள்: "வாப்பா மௌத்தான அன்னைக்கு இப்புடி ஒரு பிளேன் இல்லாமப் போச்சே உம்மா."

தங்கையின் போர்வையை இழுத்து விட்டுவிட்டு அவளே தொடர்ந்து கேட்டாள்.

"எடுக்கச் சொன்னது நீங்கதானாமே?"

"விடு ராத்தா" என்றாள் சின்னவள். "மத்தியானம் பேச்சுவாக்குல வாயில வந்துருச்சு உம்மா. ராத்தாவா கேட்டா. நான் மறைக்கல."

மாமியின் இடது கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அழுத்தம் அதிகமாக இருந்தது.

"வெயில் ஏறிக்கிட்டு இருந்துச்சு புள்ள" என்றார். "சித்திரை வெயிலு. ஒங்க வாப்பா வெயில் தாங்க மாட்டாக."

"அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. இவளப் போய் இத்தனை வருஷம்..." பெரியவள் முடிக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அவள் கை தங்கையின் தலைமேல் இருந்தது.

"சின்னவளுக்குக் கஞ்சி வச்சுக் குடு. வெந்தயம் போட்டு வையி" என்றார் மாமி. போனை அவரே அணைத்தார்.

கணவன் இறந்தபின் மாமி வெளியே வராமல் இத்தாவில் இருந்த அந்த நாட்களில், தாயின் பேரில் பழி வரக் கூடாது என்று சின்னவள் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மாமி அதை அப்படியே விட்டிருக்கிறார். இரண்டு பெண்களுக்கும் நடுவே எத்தனையோ செய்திகளைத் திருத்தித் திருத்திச் சேர்த்தவர், அந்த ஒன்றை மட்டும் சேர்க்கவேயில்லை. சேர்த்திருந்தால் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும். முடிந்திருந்தால் இரண்டு பேரும் அவரைக் கேட்காமல் நேரே பேசியிருப்பார்கள். இதை அவர் யோசித்துச் செய்தாரா, சொல்லும் நேரம் தவறிப்போய்ச் சொல்ல முடியாமலே போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் என்னிடம் ஆதாரமில்லை.

சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்தபோது உலகப் படம் ஆணியில் இல்லை. மாமி அதைத் தரையில் விரித்து வைத்திருந்தார். "உருண்டைன்னியே, எப்புடி?" என்று கேட்டார். படத்தின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் குழாய்போல் சுருட்டிப் பிடித்தேன். ஆஸ்திரேலியாவும் கனடாவும் ஒரே பக்கத்துக்கு வந்தன. நடுவே நீலம் மட்டும். மாமி குழாயை வாங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"நாம முதுகுப் பக்கம் போயிட்டோமே" என்றார்.

தொதலில் பாதியைக் கார்க்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மீதியை எனக்கும் தெருவுக்கும் பங்கு வைத்தார். அடுத்த சில நாட்கள் காலையில் அவர் யாருக்கும் போன் போடவில்லை. போன் தானாக வந்தது. ஒரே போனில் இரண்டு குரல்கள். "நல்லா இருக்கீகளா, சரி" என்பதோடு முடித்துக்கொள்வார். சேர்ப்பதற்கு அவரிடம் செய்தி எதுவும் இல்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். காலையில் கொல்லைப்புறத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. கொத்தனார் வந்திருந்தார். கொல்லையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொரு வாசல் உடைத்து, அடுப்படிக்குப் பின்னால் ஒரு முடுக்கு போட வேண்டும் என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் வீட்டுக் கொல்லையிலிருந்து சின்னவள் வீட்டுக் கொல்லைக்கு நேரே ஒரு சந்து. நடுவீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை.

கொத்தனாருக்குப் புரியவில்லை. "உள்ளுக்குள்ளயே ரெண்டு கதவு இருக்கே மாமி. அது போதாதா?"

"அது இருக்கும். இது பின்பக்கமா."

"பின்பக்கமா யாரு போவா?"

மாமி என்னைப் பார்த்தார். பிறகு கொத்தனாரைப் பார்த்தார். "அவளுக போவாளுக" என்றார்.

இடையில் ஆளுயரச் சுவர் எழுப்ப வேண்டும், கடந்து போகிறவர்கள் அடுப்படியிலிருந்து தெரியக் கூடாது என்றும் சொன்னார். பெண்கள் தன்னைக் கடக்காமல் போக வழி விடுகிறாரா, அவர்கள் தன்னைக் கடக்காமல் போவதைப் பார்க்க முடியாமல் சுவர் வைக்கிறாரா? முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். முகத்தில் கணக்குப் போடுகிற தோரணை மட்டும் இருந்தது.

"இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் எம்புட்டு தூரம் வரும்?" என்று கேட்டார்.

கொத்தனார் டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, கிழக்குச் சுவரில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு மேற்குச் சுவருக்கு நடந்தார். மாமி நடுவில், வழக்கம்போல், நின்றுகொண்டிருந்தார். டேப் அவர் வயிற்றில் இடித்தது. கொத்தனார், "கொஞ்சம் நகந்துக்கங்க மாமி" என்றார். மாமி இடது காலை இழுத்து ஓரமாக நகர்ந்தார்.

"இருபது அடிதான் மாமி."

மாமி கிழக்குச் சுவரைப் பார்த்தார். மேற்குச் சுவரைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.